ஓடும் ரயிலில் ஒரு குரல்



சென்ற திங்கள் இப்பகுதியில் நம் ஊரின் சயனைடு மண்மேடுகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதனைப் படித்த தாய்மார்கள் சிலர், “மண்ணையும் தூசியையும் எழுதுகிறீரே, மனத்துக்கு இதமாக எதையேனும் எழுதலாகாதா?” என்று கேட்டனர். கேட்டது நியாயமே. ஆகவே இத்திங்கள் இசையைப் பற்றி எழுத அமர்ந்தேன். ஆனால் எழுத எழுத, இதுவும் முழுவதும் இதமான செய்தியாக அமையவில்லை. இதில் என் பிழை ஒன்றும் கலந்திருக்கிறது. அதனை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் வண்டியை நம்மில் அறியாதார் யார்? சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று நிலையந்தோறும் நின்று, நம் மக்களை அள்ளிக்கொண்டு பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் செல்லும் வண்டி அது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின்னர், பூமிக்குள் இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாள்தோறும் இந்த வண்டியில்தான் பிழைப்புக்கு இறங்குகின்றனர். அவர்களுள் நானும் ஒருவன். பாட்டனார் சுரங்கத்தில் உழைத்தார். தந்தையார் சுரங்கம் மூடிய நாள்வரை உழைத்தார். நான் பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் எழுத்தனாக இருக்கிறேன்.

சில வாரங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை. வண்டி டேக்கல் நிலையத்தைக் கடந்தது. பார்வையிழந்த ஒருவரும், அவர் கையைப் பற்றியபடி பத்துப் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியும் எங்கள் பெட்டிக்குள் வந்தனர். தந்தையின் கழுத்தில் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று தொங்கிற்று. அன்று அது வேலை செய்யவில்லை. அவர் அதனை இரண்டு முறை தட்டிப் பார்த்தார். பிறகு பேசாமல் நின்றார். சிறுமி ஒரு கணம் தயங்கினாள். பின்னர் வெறுங்குரலிலேயே பாடத் தொடங்கினாள்.

தண்டவாளத்தின் ஓசைக்கும், நூறு பேரின் பேச்சுக்கும் மேலாக அந்தக் குரல் பெட்டியின் மறுமுனைவரை சென்றது. அவள் பாடியது, மாம்பழம் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனை ஒளவைப் பாட்டி சமாதானம் செய்யும் திரைப்படப் பாடல். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது யார் பாடியது என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். சிறுமி என் முழங்காலருகே வந்து கை நீட்டியபோது, தலையை நிமிர்த்தாமலே, “போம்மா, அந்தப் பக்கம் போ” என்றேன். அவள் போய்விட்டாள்.

எனக்கு எதிரே பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். எண்பது வயதிருக்கும்; சாம்பியனில் மரவேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; கண் மருத்துவத்துக்காகப் பெங்களூர் செல்கிறவர். தம் மடியிலிருந்து இருபது ரூபாய்த் தாளை எடுத்துச் சிறுமியைக் கூப்பிட்டுக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, கோபமின்றிக் கேட்டார்:

“தம்பி, நீங்க ரயில்வேயில இருக்கீங்க இல்ல?”

“ஆமாங்க ஐயா.”

“அந்தப் பாட்டு பாடின அம்மாவும் சின்ன வயசுல ரயில்ல பாடினவங்கதான். அவங்கள அடையாளம் கண்டு கொண்டுவந்து விட்டவரும் ஒரு ரயில்வேக்காரர்தான். தெரியுமா உங்களுக்கு?”

எனக்குத் தெரியாது. அன்று மாலை முதல் கிடைத்த நூல்களிலும் இதழ்களிலும் தேடிப் படிக்கலானேன். அவ்வாறு அறிந்தவற்றையே இங்கே தருகிறேன்.

* * *

கொடுமுடி என்பது காவிரிக் கரையில் அமைந்த சிவத்தலம். இன்று ஈரோடு மாவட்டத்தில் உள்ளது. அக்காலத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் இருப்புப் பாதையில் அதற்கு ஒரு நிலையம் உண்டு. அவ்வூரில் 1908ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பிறந்தவர் சுந்தராம்பாள். தாயார் பெயர் பாலாம்பாள். கொடுமுடியும் பாலாம்பாளும் சேர்ந்தே, கே. பி. என்னும் தலைப்பெழுத்துக்களாகி அவர் பெயரின் முன் நின்றன. தந்தையின் பெயரைத் தாங்கி நிற்பதே வழக்கமாக இருந்த நாட்டில், ஊரின் பெயரையும் தாயின் பெயரையும் ஒருவர் இறுதிவரை தாங்கி நின்றார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

தந்தையாரை இளமையிலேயே இழந்த குடும்பம். வறுமை சொல்லுந்தரமன்று. தாயாரும் குழந்தைகளும் பட்ட துன்பங்களுக்கிடையே, அந்தச் சிறுமியிடம் இருந்த ஒரே உடைமை அவளுடைய குரல். ரயிலில் ஏறிப் பாடுவாள்; பயணிகள் இட்ட காசு வீட்டுக்கு உலை வைக்கும். அவ்வாறு பாடிக்கொண்டிருந்த ஒரு நாள், அவள் பாட்டு எஃப். ஜி. நடேச ஐயர் என்பவரின் செவியில் விழுந்தது.

நடேச ஐயர் யார்? திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரியாக இருந்தவர். நாடகப் பித்தர். 1914ஆம் ஆண்டில் திருச்சியில் ரசிக ரஞ்சனி சபாவைத் தோற்றுவித்தவர். தாமே வேடம் கட்டி நடிப்பவர்; பின்னாளில், 1938இல் வெளிவந்த சேவாசதனம் திரைப்படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமியுடன் நடித்தவரும் இவரே. அலுவல் ரயில்வேயிலாயினும், அவர் உயிர் அரங்கத்தில் இருந்தது. வண்டியில் கையேந்தி நின்ற சிறுமியை அவர் இரவலர் என்று எண்ணவில்லை. இக்குரல் இங்கு இருக்க வேண்டியதன்று என்று உணர்ந்தார். வேலு நாயர் நாடகக் குழுவில் சேர வழி செய்தார். அவர் அன்று செய்தது அவ்வளவுதான். ஆனால் தமிழ்நாட்டின் இசை வரலாற்றில் அது சிறு செயலன்று.

அக்கால நாடகமேடையைப் பற்றி இக்காலத்துப் பிள்ளைகளுக்குச் சற்று விளக்க வேண்டும். மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையில் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்திருப்பர். தரை டிக்கெட்டில் கடைசியில் அமர்ந்திருப்பவன் காதிலும் பாட்டு விழ வேண்டும். விழாவிட்டால் அவன் சும்மா இருக்க மாட்டான். ஆதலால் உயர்ந்த சுருதியில், உரத்து, அதே சமயம் சொல் சிதையாமல் பாட வல்லவரே நடிகராக நிலைக்க முடிந்தது. நாடகமோ இரவு தொடங்கி விடியும்வரை நடைபெறும். அப்பயிற்சியில் வளர்ந்த குரல் சுந்தராம்பாளின் குரல். அன்று எங்கள் வண்டியில் ஒலிபெருக்கி பழுதானபோது அச்சிறுமி வெறுங்குரலில் பாடியதை நினைத்துக்கொள்கிறேன். அந்தப் பாட்டே வெறுங்குரலில் வளர்ந்த ஒருவரின் பாட்டு.

குழந்தை வேடங்களில் தொடங்கிய அவர், பின்னர்க் கதாநாயகி வேடமும், ஆண் வேடமும் ஏற்கலானார். இலங்கைக்கும் சென்றார். கொழும்பில் தமிழ் நாடகங்களுக்குப் பெரும் ஆதரவு இருந்த காலம் அது. தோட்டங்களிலும் துறைமுகத்திலும் உழைக்கச் சென்றவர்களும், வணிகம் செய்யச் சென்றவர்களுமாகத் தமிழர் அங்கே நிறைந்திருந்தனர். பிறந்த மண்ணைப் பிரிந்து வாழ்பவர்க்குத் தாய்மொழிப் பாட்டு என்றால் என்ன என்பதைத் தங்கவயல்காரர்களாகிய நமக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து, வரிசை வீடுகளில் குடியேறிய நம் முன்னோர், பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பொருள் சிறிதே. நாவில் வைத்துக் கொண்டுவந்த பாட்டே மிகுதி.

* * *

1926ஆம் ஆண்டில், இலங்கையிலேயே, அவர் வாழ்வின் போக்கை மாற்றிய நிகழ்ச்சி நேர்ந்தது. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் மேடையேறினார். கிட்டப்பா அந்நாளில் நாடக உலகின் முடிசூடா மன்னர். அவர் குரலுக்கு ஈடுகொடுத்துப் பாடுவார் எவருமில்லை என்பது பேச்சு. “அவரோடு மேடையேறினால் உன் பெயர் கெட்டுவிடும்” என்று சிலர் சுந்தராம்பாளை அச்சுறுத்தினர் என்றும், அவர் அஞ்சாமல் மேடையேறினார் என்றும் கூறுவர். வள்ளித் திருமணத்தில் கிட்டப்பா வேலனாகவும் சுந்தராம்பாள் வள்ளியாகவும் பாடி எதிர்ப்பாட்டு எடுத்ததைக் கேட்க மக்கள் திரண்டனர். போட்டியாகத் தொடங்கியது காதலாயிற்று. 1927இல் இருவரும் மணந்துகொண்டனர்.

இவ்விடத்தில் பலரும் கதையை அழகுபடுத்திவிட்டு மேலே சென்றுவிடுகின்றனர். நான் அவ்வாறு செய்யலாகாது. கிட்டப்பா முன்னரே மணமானவர். இருவரும் சேர்ந்து மேடையில் பெற்ற புகழ் பெரிது, ஆனால் இல்வாழ்வில் மனக்கசப்புகள் எழுந்தன, பிரிவுகள் நேர்ந்தன. பிறந்த குழந்தையும் நிலைக்கவில்லை. அம்மையார் தம் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சேறியுள்ளன. ஊரெல்லாம் கைதட்டிய ஒரு பெண், ஒருவருடைய விடைக்காகக் காத்திருந்த துயரம் அவற்றில் தெரிகிறது.

1933ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். அவருக்கு வயது இருபத்தேழு. சுந்தராம்பாளுக்கோ இருபத்தைந்து. அன்றுமுதல் அவர் வெண்ணிறக் கதராடையே அணிந்தார். நெற்றி நிறையத் திருநீறு இட்டார். எந்த ஆடவருக்கும் இணையாக இனி நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். சில காலம் மேடையையே துறந்திருந்தார்.

கணவனை இழந்த பெண்ணை ஒரு மூலையில் அமர்த்தி வைத்த காலம் அது. ஆனால் அவர் மூலையில் அமர்ந்துவிடவில்லை. மீண்டும் மேடைக்கு வந்தார். அவர் ஏற்ற வேடங்களை வரிசையாகப் பாருங்கள். நந்தனார் ஓர் அடியவர், மணிமேகலை துறவி, ஒளவையார் இளமையை வேண்டாமென்று உதறிய மூதாட்டி, கவுந்தியடிகள் சமணத் துறவி, காரைக்காலம்மையார் அழகு உருவத்தையே நீக்கிக்கொண்டவர். பெண்ணைக் கண்ணுக்கு விருந்தாகக் காட்டிய திரையுலகில், காதுக்கும் கருத்துக்கும் மட்டுமே உரிய வேடங்களாகத் தேர்ந்துகொண்டு, அவற்றாலேயே முதல்வரிசையில் நின்றவர் அவர். தம் துயரத்தை வேலியாக்கிக்கொள்ளாமல் வழியாக்கிக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

* * *

1935இல் வெளிவந்த நந்தனார் திரைப்படம் தனித்துச் சொல்லத் தக்கது. அசன்தாஸ் என்னும் செல்வர் அதனைத் தயாரிக்க முன்வந்து அம்மையாரை அணுகினார். திரைப்படத்தில் நடிக்க விருப்பமில்லாத அம்மையார், வந்தவர் திரும்பிப் போகட்டும் என்று எண்ணி, ஒரு லட்ச ரூபாய் ஊதியம் கேட்டார் என்பர். அவரோ ஒப்புக்கொண்டுவிட்டார்! இந்தியத் திரையுலகில் ஒரு படத்துக்கு ஒரு லட்சம் ஊதியம் பெற்ற முதல் நட்சத்திரம் என்று அம்மையாரைக் குறிப்பிடுகின்றனர். அப்படத்தில் அம்மையார் நந்தனாராக ஆண் வேடம் ஏற்க, கர்நாடக இசைமேதை மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார்.

இச்செய்தியைப் படித்தபோது என் மனம் எங்கோ சென்றது. நந்தன் யார்? தில்லைக்குச் சென்று இறைவனைக் காண வேண்டும் என்பதற்காக, பண்ணையாரிடம் விடுப்புக் கேட்டுக் கெஞ்சி நின்ற உழைப்பாளி. தீண்டாமையின் பேரால் கோயில் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவன். நம் முன்னோருட் பலர், இத்தகைய பண்ணைகளிலிருந்து விடுதலை தேடியே இங்கு வந்து, பூமிக்கடியில் ஆயிரக்கணக்கான அடி இறங்கத் துணிந்தனர். பண்ணையாரின் கண்ணைக் காட்டிலும் சுரங்கத்தின் இருள் மேல் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். அந்த நந்தனின் ஏக்கத்தை, ரயிலில் கையேந்திப் பாடிய ஒரு பெண் பாடினாள். கையேந்தத் தெரிந்தவளுக்கே கெஞ்சுதலின் சுவடு குரலில் வரும். அதற்குத்தான் ஒரு லட்சம் கொடுத்தார்கள்.

அம்மையார் கேட்ட தொகை பேராசையா என்று சிலர் வினவலாம். நான் அவ்வாறு கருதவில்லை. கலைஞர்க்குச் சால்வை போர்த்துவோம், மாலையிடுவோம், வீட்டுக்குப் போகப் பேருந்துக் கட்டணம் இருக்கிறதா என்று கேட்கமாட்டோம். நம் சங்க விழாக்களிலும் இது நடந்ததுண்டு. பாட்டு உழைப்பு. உழைப்புக்குக் கூலி உண்டு. கூலிக்காகப் பல போராட்டங்கள் கண்ட இவ்வூருக்கு இது புரியாமற் போகாது.

* * *

அம்மையாரின் வாழ்வு மேடையோடும் திரையோடும் நின்றுவிடவில்லை. தீரர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் தேசத் தொண்டில் ஈடுபட்டார். ஊர்ஊராகச் சென்று காங்கிரஸ் மேடைகளில் பாடினார். சொற்பொழிவுக்குக் கூடாத கூட்டம் அம்மையார் பாட்டுக்குக் கூடியது. காந்தியடிகள் கொடுமுடியில் அம்மையார் இல்லத்துக்கு வந்தபோது, தங்கத் தட்டில் உணவு படைத்தார் என்றும், “உணவு மட்டுந்தானா, தட்டு இல்லையா?” என்னும் கருத்துப்பட அடிகள் கேட்க, அத்தட்டையே அரிசன நிதிக்கு அளித்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. தங்கத்தை வெட்டியெடுத்தும் தங்கம் அணியாத நம் ஊரார், இக்கதையை மிக இரசிப்பார்கள்.

1950களில் சென்னை மாநில மேல்சபையில் உறுப்பினராக அமர்ந்தார். திரையுலகிலிருந்து சட்டசபைக்குள் சென்ற முதல்வர் என்று அவரைச் சொல்வர். ரயில் பெட்டியில் பாடிய சிறுமி, சட்டம் இயற்றும் அவையில் இருக்கை பெற்றாள்.

1953இல் ஜெமினி நிறுவனத்தின் ஒளவையார் வெளிவந்தது. எஸ். எஸ். வாசன் தயாரிக்க, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய படம். எங்கள் வண்டியில் வந்த பெரியவர், தாம் சிறுவனாக இருந்தபோது அப்படத்தைப் பார்க்கத் தம் ஆயாவைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்றதாகச் சொன்னார். படம் முடிந்த பின்னும் ஆயா எழுந்திருக்கவில்லையாம். “ஏன் ஆயா, எழுந்திரு” என்றதற்கு, “கிழவிய வச்சுப் படம் எடுத்திருக்கான்டா” என்றாளாம். அந்த ஒரு சொல்லுக்கு மேல் ஒரு விமரிசனம் உண்டோ?

அதன் பிறகு 1964இல் பூம்புகார், 1965இல் ஏ. பி. நாகராசனின் திருவிளையாடல், 1967இல் கந்தன் கருணை, 1973இல் காரைக்கால் அம்மையார். தமிழிசைச் சங்கம் இசைப்பேரறிஞர் என்னும் பட்டம் வழங்கிற்று. 1969ஆம் ஆண்டில் வெளிவந்த துணைவன் படத்தில் பாடியதற்காக, சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அவ்விருது முதன்முதலாக 1968ஆம் ஆண்டுக்கு பி. சுசீலாவுக்கும், அடுத்த ஆண்டுக்குச் சுந்தராம்பாளுக்கும் சென்றது; முதல் இரண்டும் தமிழ்ப் பாட்டுக்கே! 1970இல் பத்மஸ்ரீ. 1980ஆம் ஆண்டில் அம்மையார் மறைந்தார்.

அம்மையார் குரலைப் பற்றி என் போன்ற எளியவன் சொல்லத் தக்கது ஒன்றே. அக்குரல் இனிமையை மட்டும் நம்பிய குரலன்று. சில குரல்கள் தேனைப் போலக் காதில் இறங்கும். சுந்தராம்பாளின் குரல் மணியைப் போல நம்மை நிமிர வைக்கும். அதில் மன்றாட்டும் உண்டு, அதட்டலும் உண்டு. முருகனையே உரிமையோடு கடிந்து பேசும் பாட்டியின் வேடம் அவருக்குப் பொருந்திற்று என்றால், அந்த உரிமை அவர் வாழ்ந்து பெற்ற உரிமை.

* * *

இத்தகைய கதை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் கறுப்பினப் பாடகி இருந்தார். 1917இல் பிறந்து, 1932இல் தாயை இழந்து, நியூயார்க் நகரத்து ஹார்லெம் தெருக்களில் வீடின்றி அலைந்தவர். 1934ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அப்பல்லோ அரங்கில் புதியவர்களுக்காக நடத்தப்பட்ட போட்டியில் மேடையேறினார். நடனம் ஆட வந்தவர், கடைசி நேரத்தில் துணிவிழந்து, ஆடாமல் பாடினார். முதற் பரிசு பெற்றார். 1996இல் மறையும்வரை ஜாஸ் இசையின் முதற்பெருமாட்டியாகத் திகழ்ந்தார். நம் சுந்தராம்பாள் நந்தனாருக்கு ஆயத்தமான அதே காலத்தில், கடலுக்கு அப்பால் இன்னொரு பெண்ணின் குரலை உலகம் கண்டெடுத்தது.

இருவர் கதையையும் சேர்த்துப் படிக்கும்போது ஓர் எண்ணம் தோன்றுகிறது. திறமை எங்கும் இருக்கிறது. வாயில்தான் எங்கும் இல்லை. ஹார்லெமில் அந்த வாயில், யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடலாம் என்று திறந்து வைக்கப்பட்ட ஒரு மேடை. கொடுமுடி வழியில் அது, ஓர் அதிகாரியின் செவி.

“வறுமை கலைஞரை உருவாக்கும்” என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். அது தவறு. ரயிலில் பாடிய சுந்தராம்பாளை நாம் அறிவோம். அவருக்கு முன்னும் பின்னும் ரயிலில் பாடி, தொண்டை கட்டி, நோயுற்று, பெயரின்றி மறைந்த ஆயிரமாயிரம் பேரை நாம் அறியோம். ஒருவர் தப்பிக் கரையேறியதால் ஆற்று வெள்ளம் நல்லதென்று ஆகிவிடாது. பத்து வயதுப் பிள்ளை இருக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம். பாட்டும் அங்கே கற்பிக்கப்பட வேண்டும். அதிலும் எனக்கு ஐயமில்லை.

* * *

இனி என் பிழைக்கு வருகிறேன்.

நடேச ஐயர் ரயில்வேக்காரர். நானும் ரயில்வேக்காரன். அவர் பெரிய அதிகாரி, நான் எளிய எழுத்தன் என்பது உண்மையே. ஆனால் அன்று வண்டியில் தேவைப்பட்டது பதவியன்று. தலையை நிமிர்த்துவதற்குப் பதவி எதற்கு? “உன் பெயர் என்னம்மா? எந்த ஊர்? பள்ளிக்கூடம் போகிறாயா?” என்று மூன்று கேள்விகள் கேட்க நான் மறந்தேன். “போ” என்ற ஒரு சொல்லே என் வாயில் வந்தது.

மறுவாரத்திலிருந்து அந்தச் சிறுமியை எதிர்பார்க்கிறேன். டேக்கல் வந்ததும் வாயிற்பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். மாலூர் கடந்து, ஒயிட்ஃபீல்டு வரும்வரையிலும் பார்க்கிறேன். வேறு சிலர் பாட வந்தனர், அவர்கள் வரவில்லை. வேறு வண்டிக்கு மாறியிருக்கலாம். தந்தையாருக்கு உடல்நலம் குன்றியிருக்கலாம். அச்சிறுமி பள்ளிக்கே சேர்ந்திருந்தால் அதைவிட நல்ல செய்தி இல்லை.

நம் சங்கத்தின் செயலாளரிடம் இதனைச் சொன்னேன். ஞாயிறுதோறும் சங்கக் கூடத்தில் நடைபெறும் பாட்டு வகுப்பில் அப்பிள்ளைக்குக் கட்டணமின்றி இடமளிக்கவும், பள்ளியில் சேர்ப்பதற்கு வேண்டிய உதவி செய்யவும் அவர் இசைந்துள்ளார். தந்தையாருக்கு அரசு உதவித் தொகை கிடைக்க விண்ணப்பம் எழுதித் தர நான் கடமைப்பட்டுள்ளேன். விண்ணப்பம் எழுதுவதுதானே என் தொழில்!

ஆகவே, இவ்விதழைப் படிக்கும் குடும்பத்தினர்க்கு ஒரு வேண்டுகோள். காலை வண்டியிலோ மாலை வண்டியிலோ, பார்வையிழந்த தந்தையுடன் ஒரு சிறுமி வந்து ஒளவைப் பாட்டியின் பாட்டைப் பாடினால், அவர்களை அச்சுறுத்தாமல், கூட்டம் கூட்டாமல், தந்தையாரிடம் மரியாதையாக இரண்டு சொல் பேசிச் சங்கத்தின் முகவரியைக் கொடுங்கள். வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். கைப்பேசியில் படம் எடுத்து ஊரெல்லாம் பரப்ப வேண்டாம். அப்பிள்ளைக்கும் மானம் உண்டு.

அவர்கள் கிடைக்காமலே போகலாம். அப்போதும் இது வீண் போகாது. நம் வரிசை வீடுகளில், குழாயடியில், கோயிற் படிக்கட்டில், குரல் உள்ள பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கின்றனர். “பாடிக்கொண்டே இருக்கிறாளே, வேலையைப் பார்” என்று அதட்டுமுன், ஒரு கணம் நின்று கேளுங்கள். கேட்ட பின் அதட்டுவதா அணைப்பதா என்று முடிவு செய்யலாம்.

அந்தப் பெரியவரை மீண்டும் ஒரு நாள் வண்டியில் கண்டேன். கண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தார். “யார் தம்பி அது?” என்றார். சொன்னேன். “பாட்டுக்கார பொண்ணு வந்துச்சா?” என்றார். “இன்னும் இல்லைங்க ஐயா” என்றேன். “சரி, காதைத் தெறந்து வச்சிருங்க” என்று கூறி, இருக்கையில் சாய்ந்துகொண்டார்.